முந்த்ரா மீனவர்கள் வழக்கு: உலக வங்கியிடம் யார் கணக்குக் கேட்பது?

2019 பிப்ரவரி 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் குஜராத் மீனவர்களுக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பு வந்தது. கட்ச் மாவட்டம் முந்த்ரா பகுதியின் மீனவர்களும் விவசாயிகளும் ஒரு கிராமப் பஞ்சாயத்தும் சேர்ந்து, கடலோர அனல்மின் நிலையம் ஒன்று தங்கள் பிழைப்பைக் கெடுத்ததாகச் சொல்லி, அதற்குக் கடன் தந்த உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகத்தின் மீது போட்ட வழக்கு அது. இந்தக் கழகத்தைச் சுருக்கமாக ஐஎஃப்சி என்பார்கள். பன்னாட்டு அமைப்பு என்ற ஒரே காரணத்தால் ஐஎஃப்சி எல்லா வழக்குகளிலிருந்தும் தப்பித்துவிட முடியாது என்று ஏழு நீதிபதிகள் சொன்னார்கள். ஒருவர் மட்டும் மாறுபட்டார். ஆனால் 2022 ஏப்ரலில் இந்த வழக்கு மறுபடி மேல்முறையீட்டுக்கு வந்தபோது அதே நீதிமன்றம் அதை விசாரணைக்கே எடுத்துக்கொள்ளவில்லை. வழக்கு அத்தோடு முடிந்தது. மீனவர்களுக்கு ஒரு ரூபாய் இழப்பீட்டுக்குக்கூட உத்தரவு இல்லை.

வென்றவர்கள் எப்படித் தோற்றார்கள்? இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முப்பது நாற்பது ஆண்டு பின்னால் போக வேண்டும். வளர்ச்சிக்காக உலக நாடுகள் கைகோக்க வேண்டும் என்பது 2015இல் ஐநா வகுத்த இலக்குகளில் 17ஆவது. பணம் தருகிறவர், வாங்குகிறவர், கட்டுகிற நிறுவனம் என்று எல்லாருக்கும் அந்தக் கூட்டணியில் இடம் இருக்கிறது. திட்டம் வந்து இறங்குகிற ஊரில் குடியிருப்பவருக்கு அங்கே என்ன இடம் என்பதுதான் இந்த வழக்கின் அடியில் இருக்கும் கேள்வி.

## ஒப்பந்தத்தில் இல்லாத ஆள்

உலக வங்கி என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரு குழுமத்தை. 1944இல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் உருவான வங்கி, அரசாங்கங்களுக்குக் கடன் தருகிறது. 1956இல் தொடங்கிய ஐஎஃப்சி, தனியார் நிறுவனங்களுக்குக் கடன் தருகிறது, அவற்றில் பங்கும் வாங்குகிறது. இரண்டுக்கும் உரிமையாளர்கள் உறுப்பு நாடுகளே. ஆனால் நாட்டுக்கு ஒரு ஓட்டு என்ற முறை இங்கே கிடையாது. போட்டிருக்கும் பங்குக்கு ஏற்றபடி ஓட்டு. அரசுகளுக்குக் கடன் தரும் வங்கியில் அமெரிக்காவிடம் மட்டும் ஏறத்தாழ 16 விழுக்காடு இருக்கிறது. சாசனத்தைத் திருத்த 85 விழுக்காடு வேண்டும் என்பதால், அமெரிக்கா தலையசைக்காமல் அதில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது.

ஓர் அணைக்கோ மின்நிலையத்துக்கோ கடன் தரும்போது ஒப்பந்தத்தில் இரண்டு தரப்புதான்: கொடுப்பவர், வாங்குபவர். இதிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன.

1. திட்டத்தால் வீடோ தொழிலோ இழப்பவருக்கும் கடன் கொடுத்த வங்கிக்கும் இடையே சட்டப்படி எந்த உறவும் இல்லை.

2. இடம்பெயர்பவருக்கு மாற்று வாழ்வாதாரம், பழங்குடியினருக்குத் தனிக் கவனம், சுற்றுச்சூழல் ஆய்வு என்று வங்கி தனக்கென விதிகள் வைத்திருக்கிறது. இடம்பெயர்வு பற்றிய முதல் விதி 1980இலேயே வந்துவிட்டது. ஆனால் அந்த விதியை வங்கியே மீறினால் கேட்பதற்கு வெளியில் ஆள் இல்லை.

3. உள்ளூர் அரசையும் நிறுவனத்தையும் உள்ளூர் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். வங்கியை இழுக்க முயன்றால், பன்னாட்டு அமைப்புகளுக்கு உரிய வழக்கு விலக்குரிமை, அதாவது அவற்றின் மீது வழக்குப் போட முடியாது என்ற சட்டப் பாதுகாப்பு, குறுக்கே நிற்கும்.

இரண்டாவது விளைவை உலகத்துக்கு எடுத்துக் காட்டியது நர்மதை.

## நர்மதையில் வந்த உடைப்பு

சர்தார் சரோவர் அணைக்கும் அதன் கால்வாய்களுக்கும் 1985இல் உலக வங்கி 45 கோடி டாலர் ஒதுக்கியது. இந்தியாவின் சுற்றுச்சூழல் அமைச்சகம் நிபந்தனையோடு அனுமதி தந்ததே 1987இல்தான். அதாவது, எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள், எங்கே குடியமர்த்துவது என்பது முழுதாகத் தெரியும் முன்பே கடன் முடிவாகிவிட்டது. நர்மதை பாதுகாப்பு இயக்கத்தின் தொடர் போராட்டத்துக்குப் பிறகு, 1991இல் வங்கி ஒரு தற்சார்புக் குழுவை அமர்த்தியது. தலைவர் பிராட்ஃபோர்ட் மோர்ஸ், ஐநா வளர்ச்சித் திட்டத்தின் முன்னாள் தலைவர். துணைத் தலைவர் தாமஸ் பெர்கர், கனடாவைச் சேர்ந்த முன்னாள் நீதிபதி.

1992 ஜூனில் வந்த அவர்களுடைய அறிக்கையில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம், யாரைக் கணக்கில் எடுத்தார்கள், யாரை விட்டார்கள் என்பது. நீரில் மூழ்கும் பகுதியில் 245 ஊர்களில் குறைந்தது ஒரு லட்சம் பேர் இருந்தார்கள். இவர்களில் காட்டு நிலத்தைத் தலைமுறை தலைமுறையாக உழுதுவந்த ஆதிவாசிகள் பலரிடம் பட்டா இல்லை. அதனால் அவர்களை நிலம் இழப்பவர்களாகவே மதிக்காமல், ஆக்கிரமிப்பாளர்கள் என்று ஒதுக்கிவைத்தார்கள். கால்வாய்க்காக நிலம் இழக்கும் விவசாயிகள் ஏறத்தாழ ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவர்கள் 'திட்டத்தால் பாதிக்கப்பட்டோர்' பட்டியலிலேயே இல்லை. தன் விதிகளையே வங்கி பின்பற்றவில்லை என்று சொன்ன குழு, வங்கி ஓரடி பின்வாங்கி நிலைமையைப் புதிதாக ஆராய வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அப்புறம் நடந்ததும் முக்கியம். 1992 அக்டோபரில் வங்கியின் இயக்குநர் குழு, அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனி போன்ற நாடுகள் எதிர்த்தும், சில நிபந்தனைகளோடு கடனைத் தொடர முடிவு செய்தது. அந்த நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டிய கெடு நெருங்கியபோது, 1993 மார்ச்சில் இந்திய அரசே மீதிக் கடன் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அணை நிற்கவில்லை. உள்நாட்டுப் பணத்தில் வளர்ந்து, 2017 செப்டம்பரில் திறப்பு விழாவும் கண்டது.

வங்கிக்கு இதில் ஏற்பட்ட அவப்பெயர் சின்னதல்ல. 1993 செப்டம்பரில் உலக வங்கி ஓர் 'ஆய்வுக் குழு'வை அமைத்தது. பாதிக்கப்பட்ட ஊர்க்காரர் ஒரு பன்னாட்டு நிதி நிறுவனத்தின் மீது நேரடியாகப் புகார் கொடுக்கலாம் என்ற வழி உலகில் முதன்முதலாகத் திறந்தது அப்போதுதான். நர்மதைப் பள்ளத்தாக்கின் மக்களுக்கு அது காலம் கடந்து வந்தது. ஆனால் அவர்கள் போராடியிராவிட்டால் அது வந்தே இருக்காது.

## ஆய்வுக் குழு என்ன செய்யும், என்ன செய்யாது

இந்தக் குழுவில் மூன்று உறுப்பினர்கள். வங்கி நிர்வாகத்துக்குக் கட்டுப்படாமல் இயக்குநர் குழுவுக்கு நேரடியாக அறிக்கை தருகிறார்கள். நடைமுறை இப்படிப் போகும்:

1. பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து புகார் தரலாம். எந்த மொழியிலும் எழுதலாம், தமிழிலும்கூட. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்கலாம்.

2. வங்கி அதிகாரிகளிடம் முன்பே முறையிட்டும் தீர்வு கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும்.

3. தங்களுக்கு நேர்ந்த அல்லது நேரப்போகும் கேட்டுக்கும், வங்கி தன் விதியைப் பின்பற்றாததற்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்ல வேண்டும்.

4. நிர்வாகம் பதில் தரும். குழு ஊருக்கு வந்து பார்த்து, விசாரணை தேவையா என்று பரிந்துரைக்கும். அனுமதி கொடுப்பது இயக்குநர் குழு.

5. விசாரணை முடிந்ததும் நிர்வாகம் ஒரு செயல்திட்டம் போடும்.

ஐந்தாவது படியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். தவறைக் கண்டுபிடிப்பது குழு. அதற்கு என்ன செய்வது என்று எழுதுவது தவறு செய்த நிர்வாகம். திட்டத்தை நிறுத்தவோ இழப்பீடு வாங்கித் தரவோ குழுவுக்கு அதிகாரம் இல்லை. கடன் வாங்கிய அரசு செய்தது சரியா தவறா என்பதற்குள்ளும் அது போகாது. 2020இல் இந்த அமைப்பை விரிவாக்கி, இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசும் ஒரு சமரசப் பிரிவையும் சேர்த்தார்கள். நல்ல மாற்றம்தான். அடிப்படைக் குறை அப்படியே இருக்கிறது.

குழுவால் பலனே இல்லை என்று சொல்ல முடியாது. உகாண்டாவில் சாலைப் பணிக்கு வந்தவர்கள் உள்ளூர்ச் சிறுமிகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள் என்று ஊரார் கொடுத்த புகாரின் பின்னால், 2015 டிசம்பரில் வங்கி அந்தத் திட்டத்துக்கான கடனை ரத்து செய்தது. அதன் பிறகு இத்தகைய வன்முறையைத் தடுக்கும் நிபந்தனைகள் வங்கியின் கட்டுமானத் திட்டங்களில் வலுப்பட்டன.

வேறு இரண்டு புகார்களின் கதை இவ்வளவு தெளிவாக இல்லை. குழுவுக்கு வந்த முதல் புகார் நேபாளத்தின் அருண்-3 நீர்மின் திட்டம் பற்றியது. 1995இல் வங்கி விலகியது. அதே அருண் ஆற்றில், இன்னும் பெரிதாக, 900 மெகாவாட் திட்டத்துக்கு 2018இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டுவது ஓர் இந்தியப் பொதுத்துறை நிறுவனம். சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தில், திபெத்தியர்களும் மங்கோலியர்களும் வாழும் பகுதிக்கு ஏறத்தாழ 58,000 பேரைக் குடியமர்த்தும் திட்டத்தை 2000இல் குழு கடுமையாக விமர்சித்தது. சீனா உடனே கடன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, தன் பணத்திலேயே செய்துகொள்வதாக அறிவித்தது.

நர்மதை, அருண், சிங்ஹாய் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரியும். வங்கி விலகும்போது அதன் விதிகளும் அதோடு போய்விடுகின்றன, புகார் கொடுக்கும் வழியும் அடைபடுகிறது. வங்கியின் கை சுத்தமாகிறது. ஊர்க்காரர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். வங்கி வெளியேறிவிட்டது என்ற செய்தியை வெற்றியாக மட்டும் எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுதான் காரணம்.

## முந்த்ராவில் விடுபட்டவர்கள்

இனி ஐஎஃப்சிக்கு வருவோம். ஆய்வுக் குழுவின் வரம்புக்குள் அது வராது. அதற்குத் தனியாக ஒரு குறைகேட்பு அலுவலகம் 1999இல் அமைந்தது. சிஏஓ என்பது அதன் சுருக்கப் பெயர்.

2008இல் ஐஎஃப்சி, டாடா பவரின் துணை நிறுவனமான கோஸ்டல் குஜராத் பவருக்கு 45 கோடி டாலர் கடன் தந்தது. ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் தந்தது. முந்த்ரா கடலோரத்தில் 800 மெகாவாட் அலகுகள் ஐந்து, மொத்தம் 4,000 மெகாவாட், நிலக்கரியில் ஓடுவது. கடல் நீரை இழுத்துக் கருவிகளைக் குளிர்வித்து, சூடான நீரைக் கால்வாய் வழியாகக் கடலுக்கே திருப்பிவிடும் அமைப்பு.

அந்தக் கரையில் திரகடி, கோட்டடி போன்ற மீன்பிடி இறங்குதளங்கள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, ஆண்டில் எட்டு ஒன்பது மாதம் கரையில் குடிசை போட்டுத் தங்கி மீன் பிடிப்பார்கள். மீனை மணலிலும் மூங்கில் சட்டங்களிலும் காயவைப்பார்கள். படகு இல்லாதவர்கள் ஓதம் வற்றும்போது இடுப்பளவு நீரில் நடந்தே போய் வலை கட்டுவார்கள். இவர்களை அங்கே பகடியா என்கிறார்கள். மழைக்காலம் வந்ததும் எல்லாரும் குடிசையைப் பிரித்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள்.

இந்த வாழ்க்கை எந்தப் பதிவேட்டிலும் ஒழுங்காக ஏறாது. நிலம் அவர்கள் பெயரில் இல்லை. வீடு நிரந்தரமில்லை. கடலுக்குப் பட்டா கிடையாது. 2011இல் மீனவர் அமைப்பு ஒன்று சிஏஓவிடம் புகார் தந்தது. கரைக்குப் போகும் வழி அடைபட்டது, சூடான நீரால் கரையோர மீன் குறைந்தது, நிலக்கரித் தூசியும் சாம்பலும் காயும் மீனில் படிகிறது என்பவை அதில் இருந்தன. 2013இல் வெளியான சிஏஓ தணிக்கை அறிக்கை, திட்டத்தின் தொடக்கத்திலேயே மீனவச் சமூகத்தோடு முறையான கலந்தாலோசனை நடக்கவில்லை என்றும், அதனால் பாதிப்பை முன்கூட்டிக் கணிக்கவும் தவிர்க்கவும் இருந்த வாய்ப்பு போய்விட்டது என்றும் சொன்னது. நிலம், இடம்பெயர்வு பற்றிய ஐஎஃப்சியின் விதி இந்தப் பருவகாலக் குடியிருப்பாளர்களுக்கும் பொருந்துமா என்று யோசித்ததற்கே தடயம் இல்லை. பக்கத்திலேயே அதானியின் துறைமுகமும் இன்னொரு பெரிய அனல்மின் நிலையமும் இருக்க, எல்லாம் சேர்ந்து கரையை என்ன செய்யும் என்பதையும் போதிய அளவு பார்க்கவில்லை. 2015இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் சொந்த ஆய்வுக் குழுவும் நடந்து மீன் பிடிப்பவர்களின் வழி, சூடான நீர், தூசி ஆகியவற்றில் வங்கி விதிகளைப் பின்பற்றவில்லை என்று தனியாகக் கண்டறிந்தது.

நர்மதையில் பட்டா இல்லாத ஆதிவாசி விடுபட்டார். 2008இல் பட்டா இல்லாத மீனவர் விடுபட்டார். இடையில் விதிகள் பல தடவை திருத்தப்பட்டன. காகிதத்தில் இருக்கும் சொத்தை மட்டுமே இழப்பாக எண்ணும் பழக்கம் மட்டும் போகவில்லை.

ஐஎஃப்சி, சிஏஓ அறிக்கையின் பல முடிவுகளை மறுத்தது. அறிக்கைக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. எனவேதான் 2015 ஏப்ரலில் ஐஎஃப்சியின் தலைமையகம் இருக்கும் வாஷிங்டனில் வழக்கு.

## தீர்ப்பு வந்தது, தீர்வு வரவில்லை

வழக்கின் சட்டப் பின்னல் சிக்கலானதுதான். படிப்படியாகப் பார்த்தால் பிடிபடும்.

1. அமெரிக்காவில் 1945இல் வந்த ஒரு சட்டம், வெளிநாட்டு அரசுகளுக்கு என்ன வழக்கு விலக்குரிமை உண்டோ அதே விலக்குரிமை பன்னாட்டு அமைப்புகளுக்கும் உண்டு என்றது. அந்தக் காலத்தில் வெளிநாட்டு அரசுகள் மீது அமெரிக்காவில் வழக்குப் போடுவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

2. 1976இல் வேறொரு சட்டம் வந்தது. ஒரு வெளிநாட்டு அரசு அமெரிக்காவில் வணிகம் செய்தால், அந்த வணிகம் பற்றி அதன் மீது வழக்குப் போடலாம் என்று ஆனது.

3. அப்படியானால் ஐஎஃப்சிக்கு 1945இன் முழு விலக்குரிமையா, இன்றைய குறைந்த விலக்குரிமையா? கீழ் நீதிமன்றங்கள் முழு விலக்குரிமை என்றன. 2019இல் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பு, அரசுகளுக்கு இன்று என்ன உண்டோ அதுதான் என்றது. மீனவர்கள் வென்றது இந்த ஒரு புள்ளியில்.

4. வழக்கு கீழே திரும்பியது. இப்போது கேள்வி மாறியது: வழக்கின் மையமாக இருக்கும் செயல் அமெரிக்காவில் நடந்த வணிகச் செயலா? கடன் முடிவும் மேற்பார்வையும் வாஷிங்டனில் நடந்தவை என்று மீனவர்கள் வாதிட்டார்கள். கேடு விளைவித்தது இந்தியாவில் இருக்கும் மின்நிலையம், ஆகவே வழக்கின் மையம் இந்தியாவில் என்று 2020இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இந்தத் தர்க்கத்தின் விளைவை யோசித்துப் பாருங்கள். வளரும் நாடுகளில் கடன் கொடுப்பதே ஐஎஃப்சியின் வேலை. அதனால் வரும் கேடு எப்போதும் அமெரிக்காவுக்கு வெளியில்தான் நடக்கும். ஆகவே அமெரிக்காவில் வழக்குத் தொடரும் உரிமை பெயரளவுக்கு இருக்கும், பயன்படுத்துவது மிகக் கடினம். கடன் ஒப்பந்தத்தில் சுற்றுச்சூழல், சமூக நிபந்தனைகள் இருந்தன. மீறினால் நிதி ஆதரவை விலக்கிக்கொள்ளும் அதிகாரமும் ஐஎஃப்சியிடம் இருந்தது. அதிகாரம் இருந்த இடம் வாஷிங்டன். அதற்கான பொறுப்பை மட்டும் கட்ச் கரையில் தேடச் சொல்கிறது நீதிமன்றம். சட்ட வரிகளின்படி இது சரியாக இருக்கலாம். நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

வழக்கு விலக்குரிமை உலக வங்கிக்கு மட்டும் உரியதல்ல. ஹெய்தியில் 2010இல் ஐநா அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவி ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் போட்ட வழக்கு ஐநாவின் விலக்குரிமையால் தள்ளுபடியானது. 2016 டிசம்பரில் ஐநா பொதுச் செயலர் பான் கி-மூன் மன்னிப்புக் கேட்டார். அறிவித்த 40 கோடி டாலர் திட்டத்துக்கு, நாடுகள் விரும்பிக் கொடுப்பதை நம்பியிருந்ததால், பணம் சொற்பமாகவே சேர்ந்தது.

## பணம் எங்கிருந்து வரும்?

நீதிமன்ற வழி அடைபட்டால் மிஞ்சுவது வங்கிகளின் உள்ளே நடக்க வேண்டிய மாற்றம். அங்கே முட்டுக்கட்டை எளிமையானது: கேடு நேர்ந்தது என்று நிரூபணமான பிறகு, அதைச் சரிசெய்யப் பணம் ஒதுக்கப்பட்டிருக்காது. கடன் முழுவதும் கட்டுமானத்துக்குப் போயிருக்கும். வங்கி, கடன் வாங்கியவரைக் காட்டும். கடன் வாங்கியவர், ஒப்பந்தத்தில் இல்லாத செலவு என்பார்.

ஆகவே ஒவ்வொரு பெரிய திட்டத்திலும் ஒரு பகுதியைத் தொடக்கத்திலேயே நிவாரண நிதியாகத் தனியே வைக்க வேண்டும் என்ற யோசனை முன்வைக்கப்படுகிறது. ஐநா மனித உரிமை அலுவலகம் 2022இல் இதை வலியுறுத்தியது. வங்கிகளின் பழைய பயம், ஒரு இடத்தில் கொடுத்தால் எல்லா இடத்திலும் கேட்பார்கள் என்பது. கென்யாவில் ஐஎஃப்சி பங்கு வைத்திருந்த ஒரு தனியார் பள்ளி நிறுவனத்தில் மாணவர்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானது பற்றிய சிஏஓ விசாரணைக்குப் பிறகு, 2024இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஐஎஃப்சியே தன் பணத்தில் உதவித் திட்டம் நடத்த ஒப்புக்கொண்டது. அதற்குள் 2022இலேயே ஐஎஃப்சி அந்த நிறுவனத்திலிருந்து வெளியேறியிருந்தது. பங்கை விற்றுவிட்டு வெளியேறினாலும் பொறுப்பு தொடரலாம் என்பதற்கு இது ஒரு முன்னுதாரணம். முந்த்ராவில் மறுக்கப்பட்டது கென்யாவில் சாத்தியமானது என்றால், தடையாக இருந்தது சட்டம் அல்ல, மனம்தான்.

## நம் பக்கத்தில்

இலங்கையில் கொழும்பையும் மாத்தறையையும் இணைக்கும் தெற்கு அதிவேக நெடுஞ்சாலைக்கு ஆசிய வளர்ச்சி வங்கி கடன் தந்தது. பாதை மாற்றப்பட்டதால் வீடு இழந்தவர்கள் 2004இல் அந்த வங்கியின் புகார் அமைப்பை நாடினார்கள். புதிதாகத் திருத்தி அமைக்கப்பட்டிருந்த அந்த அமைப்பின் தொடக்கப் புகார்களில் அது ஒன்று. 2005இல் வந்த ஆய்வு வங்கி விதிகளை மீறியதாகச் சொன்னது. ஆனால் அதற்குள் சாலை வேலை தொடங்கிவிட்டிருந்தது.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு ஜப்பான் அரசின் கடனுதவி முகமையான ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, பிரிக்ஸ் நாடுகளின் புதிய வளர்ச்சி வங்கி ஆகியவை கடன் தருகின்றன. இதில் முதல் மூன்று நிறுவனங்களுக்கும் தனித்தனிப் புகார் அமைப்பு உண்டு; விதியும் நடைமுறையும் ஒன்றுக்கொன்று வேறு. எந்தப் பகுதிக்கு யார் கடன் என்பதைப் பொறுத்துப் புகார் போகும் இடம் மாறும். ஆகவே ஊரில் இப்படி ஒரு திட்டம் வந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி கடன் யாருடையது என்பது. இரண்டாவது, கடன் கணக்கு எப்போது முடிகிறது என்பது. உலக வங்கியின் ஆய்வுக் குழு கடன் முடிந்து 15 மாதம் வரைதான் புகார் வாங்கும். அணை நிரம்புவதும் மீன் குறைவதும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தெரியவரும் என்பதால், அளவெடுக்க ஆள் வரும் நாளிலிருந்தே, யார் எங்கே தங்கினார்கள், எதைப் பிடித்தார்கள், எவ்வளவு விற்றார்கள் என்பதை ஊரே எழுதிவைத்துக்கொள்வது நல்லது. பட்டா இல்லாதவரிடம் காட்டுவதற்கு இருக்கப்போகும் ஆதாரம் அதுதான்.